முதல் பூட்டில் கன்ஃபிகரேஷன் ஏறாத மெய்நிகர் ரூட்டர்: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

கிளவுடில் மெய்நிகர் ரூட்டரை (மென்பொருளாக ஓடும் ரூட்டரை) கிளப்பும்போது கூடவே கொடுத்தனுப்பும் முதல் கன்ஃபிகரேஷன் உரை, அதாவது பூட்ஸ்ட்ராப், நான்கு படிகளைத் தாண்ட வேண்டும். உரை மெஷினுக்கு வந்துசேர வேண்டும். ரூட்டர் அதைத் தனக்கானது என்று அடையாளம் கண்டு படிக்க வேண்டும். உள்ளே இருக்கும் கட்டளைகளை ஏற்க வேண்டும். ஏற்றது ரீபூட்டுக்குப் பிறகும் நிலைக்க வேண்டும். எந்தப் படியில் அறுந்தது என்று பார்க்காமல் உரையை மட்டும் திருத்தித் திருத்தி மெஷினை அழித்துக் கட்டிக்கொண்டிருந்தால், பொழுதுதான் போகும். அறிகுறியே பெரும்பாலும் படியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எதையும் தொடுவதற்கு முன்: சீரியல் கன்சோல்

எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து உள்ளே நுழையும் பாதுகாப்பான வழி) வரவில்லை என்றால் ரூட்டர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. முதலில் சீரியல் கன்சோலைத் திறங்கள்; நெட்வொர்க் இல்லாமலே ரூட்டரின் திரையைக் காட்டும் வழி அது. ஏடபிள்யூஎஸ்ஸில் நைட்ரோ வகை இன்ஸ்டன்ஸ்களுக்கு (மெய்நிகர் மெஷின்களுக்கு) சீரியல் கன்சோல் உண்டு. அஸூரில் பூட் டயக்னாஸ்டிக்ஸ் இயங்கினால்தான் சீரியல் கன்சோல் கிடைக்கும். கூகுள் கிளவுடில் சீரியல் போர்ட்டுக்கான மெட்டாடேட்டா அமைப்பை இயக்க வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பாஸ்வேர்டு இல்லாமல் எஸ்எஸ்ஹெச் கீ மட்டும் வைத்து யூசரை உருவாக்கியிருந்தால் கன்சோலில் பூட் செய்திகளைப் பார்க்கலாமே தவிர உள்ளே நுழைய முடியாது. சோதனைக் கட்டத்தில் மட்டும் ஒரு லோக்கல் யூசரையும் தற்காலிகப் பாஸ்வேர்டையும் பூட்ஸ்ட்ராப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவசரமும் வேண்டாம். சாதாரண லினக்ஸ் மெஷின் அரை நிமிடத்தில் எழுந்துவிடும். ரூட்டர் இமேஜ்கள் அப்படியல்ல. சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்ஈ, ஜூனிப்பரின் வீஎஸ்ஆர்எக்ஸ் போன்றவை முதல் பூட்டில் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். சிறிய இன்ஸ்டன்ஸில் இன்னும் கூடும். மெஷினைத் தானாகக் கட்டும் பைப்லைனில் 2 நிமிடக் காலக்கெடு வைத்திருந்தால், பிழை ரூட்டரில் இல்லை.

அறிகுறி: ரூட்டர் எழுந்துவிட்டது, ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்த மேனிக்கே இருக்கிறது

ஹோஸ்ட்நேம்கூட மாறவில்லை என்றால், உரை வரவில்லை, அல்லது வந்த உரையை ரூட்டர் அடையாளம் காணவில்லை. கட்டளைகளில் தப்புத் தேடுவது இப்போது வீண்.

கிளவுடிடம் உண்மையில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். ஏடபிள்யூஎஸ்ஸில் இன்ஸ்டன்ஸின் யூசர் டேட்டாவை (கிளப்பும்போது கொடுத்த உரையை) திரும்ப வாங்கி, பேஸ்64-ஐ (தரவைச் சாதாரண எழுத்துகளாக மாற்றும் குறிமுறையை) ஒரு முறை பிரித்துப் பாருங்கள். பிரித்த பிறகும் புரியாத எழுத்துக் குவியலாகவே இருந்தால் இரண்டு முறை என்கோட் ஆகியிருக்கிறது. இது மிகச் சாதாரணமாக நடக்கும். ஏடபிள்யூஎஸ் கட்டளைக் கருவி இன்ஸ்டன்ஸைக் கிளப்பும்போது தானே என்கோட் செய்துவிடும். லாஞ்ச் டெம்ப்ளேட்டோ (கிளப்பும் அமைப்புகளை முன்பே சேமித்துவைக்கும் வார்ப்பு) என்கோட் செய்த உரையைத்தான் கேட்கும். ஒன்றுக்கு எழுதிய ஸ்கிரிப்டை மற்றதற்குப் பயன்படுத்தினால் மாட்டிக்கொள்ளும். கிளவுட் மெஷின்களைக் கோடாக எழுதிக் கட்டும் டெர்ராஃபார்மிலும் சாதாரண உரைக்கு ஒரு ஃபீல்டு, பேஸ்64-க்குத் தனி ஃபீல்டு என்று இரண்டு இருக்கின்றன.

அஸூரில் இதே உரைக்குப் பெயர் கஸ்டம் டேட்டா; அதை வெளியிலிருந்து திரும்பப் படிக்க முடியாது. எனவே அனுப்புவதற்கு முன்பே இறுதி உரையை ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கம் நல்லது.

உரை சரியாகவே போயிருந்தால் அடுத்து முதல் வரியைப் பாருங்கள். ரூட்டர் ஒவ்வொன்றும் ஓர் அடையாளத்தை எதிர்பார்க்கிறது (இங்கே ஒலிபெயர்ப்பில் இருக்கிறது, ஃபைலில் ஆங்கில எழுத்தில்தான் வர வேண்டும்):

- வையோஸ் (ஓப்பன் சோர்ஸ் ரூட்டர்): முதல் வரி #கிளவுட்-கான்ஃபிக். அதன் கீழே வையோஸ் கட்டளைப் பட்டியல்.
- ஜூனிப்பர் வீஎஸ்ஆர்எக்ஸ்: முதல் வரி #ஜூனோஸ்-கான்ஃபிக்.
- அரிஸ்டா வீஇஓஎஸ்: ஸ்டார்ட்அப் கன்ஃபிகரேஷன் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் சதவீதக் குறிகளுக்குள் எழுதிய அடையாள வரிகள்.
- சிஸ்கோ ஐஓஎஸ் எக்ஸ்ஈ: வரிசை எண்ணோடு வரும் ஐஓஎஸ்-கான்ஃபிக்-1, ஐஓஎஸ்-கான்ஃபிக்-2 என்ற பாணி; அல்லது ஐஓஎஸ் கன்ஃபிகரேஷன், ஸ்கிரிப்ட்ஸ் என்று செக்‌ஷன் தலைப்பிட்ட பாணி. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் ஒரே ஃபைலில் கலக்காதீர்கள்.

இந்த அடையாளம் முதல் வரியின் முதல் எழுத்திலிருந்தே தொடங்க வேண்டும். டெர்ராஃபார்ம் கோடில் அழகுக்காக விட்ட நான்கு இடைவெளிகளும், வின்டோஸ் எடிட்டர் ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாமல் சேர்த்துவிடும் பைட் வரிசைக் குறியும் அடையாளத்தைக் கெடுக்கப் போதும். கிளவுட்-இனிட் (முதல் பூட்டில் உரையைப் படித்து ஓட்டும் மென்பொருள்) உள்ள இமேஜ் என்றால் /வார்/லாக்/கிளவுட்-இனிட்.லாக் ஃபைலில் 'அன்ஹேண்டில்ட் நான்-மல்டிபார்ட்' என்ற எச்சரிக்கையைத் தேடுங்கள். அது இருந்தால் உரை வந்துவிட்டது, தலைப்புதான் கெட்டிருக்கிறது. வரி முடிவுகளையும் சோதியுங்கள். வின்டோஸ் பாணி வரி முடிவு இருந்தால் ஒவ்வொரு கட்டளையின் வாலிலும் ஒரு மறை எழுத்து ஒட்டிக்கொண்டு போகும்.

அளவும் ஒரு காரணமாகலாம். ஏடபிள்யூஎஸ் யூசர் டேட்டாவுக்கு என்கோட் செய்வதற்கு முன் 16 கேபி, அஸூர் கஸ்டம் டேட்டாவுக்கு 64 கேபி, கூகுள் கிளவுடில் ஒரு மெட்டாடேட்டா மதிப்புக்கு 256 கேபி என்பதுதான் எல்லை. சான்றிதழ்களை உள்ளே ஒட்டினால் 16 கேபி சீக்கிரமே நிரம்பிவிடும்.

இத்தனையும் சரி, ஆனாலும் ஒன்றும் ஏறவில்லை என்றால் உரையை மெஷினுக்குக் கொடுக்கும் மெட்டாடேட்டா சேவையின் பதிப்பைப் பாருங்கள். 169.254.169.254 முகவரியில் இருக்கும் ஏடபிள்யூஎஸ் சேவையின் இரண்டாம் பதிப்பில் முதலில் ஒரு டோக்கன் வாங்க வேண்டும். அதைக் காட்டினால்தான் உரை கிடைக்கும். டோக்கனைக் கட்டாயமாக்கியிருந்து, பழைய ரூட்டர் இமேஜுக்கு அந்த முறை தெரியாவிட்டால், 401 பதில்தான் வரும். ரூட்டரும் வெறுமையாக எழும். டோக்கன் கட்டாயத்தைத் தற்காலிகமாகத் தளர்த்திச் சோதித்து, காரணம் இதுதான் என்று உறுதியானால் இமேஜைப் புதுப்பியுங்கள். தளர்த்தியபடியே விட்டுவிடாதீர்கள்.

சொந்த கேவிஎம்மில் (லினக்ஸின் மெய்நிகர் மெஷின் அமைப்பில்) ஐஎஸ்ஓ வட்டு ஃபைல் வழியாகக் கொடுப்பவர்களுக்கு: கிளவுட்-இனிட்டின் நோகிளவுட் முறையில் வால்யூம் லேபிள் 'சிஐடேட்டா' என்றிருக்க வேண்டும், யூசர்-டேட்டாவோடு மெட்டா-டேட்டா ஃபைலும் இருக்க வேண்டும். ஓபன்ஸ்டாக்கின் கான்ஃபிக் டிரைவுக்கு லேபிள் 'கான்ஃபிக்-2'. ஐஓஎஸ் எக்ஸ்ஈ தேடுவது ஐஓஎஸ்எக்ஸ்ஈ_கான்ஃபிக்.டிஎக்ஸ்டி, வீஎஸ்ஆர்எக்ஸ் தேடுவது ஜூனிப்பர்.கான்ஃப். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் ரூட்டர் சத்தமில்லாமல் கடந்துபோய்விடும்.

அறிகுறி: கன்ஃபிகரேஷன் பாதிதான் ஏறியிருக்கிறது

இங்கே ரூட்டருக்கு ரூட்டர் குணம் மாறும். ஐஓஎஸ் எக்ஸ்ஈ வரிவரியாகப் படிக்கும். புரியாத வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். வீஎஸ்ஆர்எக்ஸில் ஓடும் ஜூனோஸ் எல்லா வரிகளையும் மொத்தமாக கமிட் செய்யும் (நடப்புக்குக் கொண்டுவரும்). ஒரு வரி தப்பானாலும் எதுவுமே ஏறாது. எனவே வீஎஸ்ஆர்எக்ஸில் 'ஒன்றுமே ஏறவில்லை' என்பது முந்தைய அறிகுறி மாதிரித் தெரிந்தாலும், காரணம் ஒரு கட்டளைப் பிழையாக இருக்கலாம். அதே உரையை ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வீஎஸ்ஆர்எக்ஸில் ஏற்றி 'கமிட் செக்' கொடுத்தால் உடனே தெரியும். ரூட் பாஸ்வேர்டு பகுதி இல்லாத முழுக் கன்ஃபிகரேஷனை ஜூனோஸ் கமிட் செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐஓஎஸ் எக்ஸ்ஈயில் எந்த வரி வரை போனது என்று கண்டுபிடிக்க எளிய வழி, உரையின் முதல் கட்டளையாக ஹோஸ்ட்நேமையும், கடைசிக் கட்டளையாக ஒரு லூப்பேக் (கார்டு இல்லாத மெய்நிகர்) இன்டர்ஃபேஸையும் அதன் விவரக் குறிப்பில் 'பூட்ஸ்ட்ராப் முடிந்தது' என்ற பொருளில் ஒரு சொல்லையும் வைப்பது. ஹோஸ்ட்நேம் மாறி லூப்பேக் இல்லையென்றால் நடுவில் அறுந்திருக்கிறது. இரண்டும் இருந்து சில வரிகள் மட்டும் காணோம் என்றால் அந்த வரிகளைத்தான் ரூட்டர் மறுத்திருக்கிறது. மறுப்பதற்குப் பெரும்பாலும் இவைதான் காரணம்.

லைசென்ஸ் நிலை. குறியாக்கக் கட்டளைகளுக்கு உரிய லைசென்ஸ் நிலை பூட்டின்போதே இருக்க வேண்டும். அந்த நிலையை மாற்றும் கட்டளையும் ஐபிசெக் (குறியாக்க டன்னல்) கட்டளைகளும் ஒரே உரையில் இருந்தால், நிலை மாற்றம் ரீலோடுக்குப் பிறகுதான் நடப்புக்கு வரும். ஐபிசெக் வரிகள் முதல் பூட்டில் 'தவறான உள்ளீடு' என்று தள்ளுபடியாகும். ஐபிசெக்கை முதல் பூட்டில் வைக்காமல், ரீலோடுக்குப் பிறகு வேறு கருவியால் அனுப்புங்கள்.

வரிசை. இன்டர்ஃபேஸுக்கு ஐபி கொடுத்துவிட்டு அதன்பின் அதை வீஆர்எஃப்பில் (ரூட்டருக்குள் தனியாகப் பிரித்த ரூட்டிங் அட்டவணையில்) சேர்த்தால், சேர்த்த கணமே ஐபி நீங்கிவிடும். முதலில் வீஆர்எஃப், பிறகு ஐபி.

கேள்வி கேட்கும் கட்டளைகள். 'உறுதியாகவா?' என்று கேட்டு நிற்கும் கட்டளைக்குப் பதில் சொல்ல ஆளில்லை. கேள்வி எழாத வடிவில் எழுதுங்கள். உதாரணமாக ஆர்எஸ்ஏ கீ உருவாக்கும்போது 2048 என்ற அளவையும் அதே வரியில் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன்னால் ஹோஸ்ட்நேமும் டொமைன் பெயரும் வந்திருக்க வேண்டும்.

மேற்கோள் குறிகள். ஐஓஎஸ்-கான்ஃபிக்-N பாணியில் கட்டளையே இரட்டை மேற்கோளுக்குள் இருப்பதால், பேனர் உரைக்குள் இன்னொரு இரட்டை மேற்கோள் வந்தால் வரி அங்கேயே முடிந்துவிடும். வையோஸிலோ, கட்டளையின் கடைசியில் வரும் மதிப்பு ஒற்றை மேற்கோளுக்குள் இருக்க வேண்டும். அதற்குள் இன்னொரு ஒற்றை மேற்கோள் கூடாது. வையோஸ் உரை யாம்ல் (இடைவெளிகளால் அமைப்பைக் காட்டும்) வடிவம் என்பதால் டேப் எழுத்தும் ஆகாது.

அறிகுறி: கன்சோலில் எல்லாம் சரி, எஸ்எஸ்ஹெச் மட்டும் வரவில்லை

என்ன செய்தி வருகிறது என்பதை வைத்து மூன்றாகப் பிரியுங்கள். மூன்றுக்கும் மூன்று உலகம்.

'டைம்டு அவுட்' என்றால் பாக்கெட் போகவில்லை, அல்லது பதில் திரும்பவில்லை. செக்யூரிட்டி குரூப்பில் (கிளவுடின் ஃபயர்வால் விதிகளில்) 22-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா, பொது ஐபி இருக்கிறதா என்று பாருங்கள். ஏடபிள்யூஎஸ்ஸில் ஒன்றுக்கு மேற்பட்ட இன்டர்ஃபேஸோடு இன்ஸ்டன்ஸைக் கிளப்பினால் பொது ஐபி தானாகக் கிடைக்காது. எலாஸ்டிக் ஐபியை (நிலையான பொது ஐபியை) நீங்களே இணைக்க வேண்டும். ரூட்டர் என்றாலே இரண்டு இன்டர்ஃபேஸாவது இருக்கும், ஆகவே இது எல்லோரையும் பிடிக்கும். அடுத்து, மேனேஜ்மென்ட் இன்டர்ஃபேஸுக்குக் கையால் ஐபி எழுதியிருந்தால், கிளவுட் அதற்கு ஒதுக்கிய ஐபியும் அதுவும் ஒன்றா என்று சோதியுங்கள். ஒன்றில்லை என்றால் கிளவுட் நெட்வொர்க் அந்த ஐபிக்கு ஒரு பாக்கெட்டையும் கொண்டுவந்து தராது. மேனேஜ்மென்ட் இன்டர்ஃபேஸை டிஹெச்சிபியிலேயே (ஐபியைத் தானாகப் பெறும் முறையிலேயே) விட்டுவிடுவதுதான் உசிதம். அதை வீஆர்எஃப்பில் வைத்திருந்தால் டிஃபால்ட் ரூட்டும் அதே வீஆர்எஃப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது இன்டர்ஃபேஸும் டிஹெச்சிபியில் இருந்து தன் பங்குக்கு ஒரு டிஃபால்ட் ரூட்டைக் கொண்டுவந்தால், பதில் பாக்கெட் தப்பான வழியில் வெளியேறிக் காணாமல் போகும்.

'ரெஃப்யூஸ்டு' என்றால் வழி சரி, கேட்க ஆளில்லை. இன்னும் பூட் ஆகிக்கொண்டிருக்கலாம், ஹோஸ்ட் கீ உருவாகாமல் இருக்கலாம்.

'பெர்மிஷன் டினைடு' என்றால் ரூட்டரும் எஸ்எஸ்ஹெச்சும் நலம். யூசர் பெயர், கீ, பாஸ்வேர்டு இவற்றில்தான் கோளாறு. யூசர் பெயர் இமேஜுக்கு இமேஜ் மாறும், வையோஸில் அது வையோஸ் என்பதுதான். கீ வகையைப் பாருங்கள்: பழைய ஐஓஎஸ் எக்ஸ்ஈ பதிப்புகளுக்கு ஆர்எஸ்ஏ கீதான் ஆகும், ஈடி25519 ஏறாது. ஆர்எஸ்ஏ கீ கொடுத்தும் மறுத்தால் கிளையன்ட் பக்கம் திரும்புங்கள். 2021-இல் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.8 முதல், எஸ்ஹெச்ஏ-1 அடிப்படையிலான ஆர்எஸ்ஏ கையொப்பம் இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கிறது. பழைய ரூட்டருக்கு அது மட்டும்தான் தெரியும் என்றால் இருவரும் உடன்படவே முடியாது.

ஐஓஎஸ்ஸில் கீயைக் கட்டளை வழியாகக் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது வரி நீளம். 2048 பிட் ஆர்எஸ்ஏ பொதுக் கீயின் பேஸ்64 பகுதி 372 எழுத்து வரும். கட்டளை வரியோ ஏறக்குறைய 254 எழுத்தோடு முடிந்துவிடும். ஒரே வரியில் ஒட்டினால் கீ வெட்டுப்பட்டு ஏறும். 72 எழுத்துக்கு ஒரு வரியாக மடித்து, கீ-ஸ்ட்ரிங் பகுதிக்குள் அடுத்தடுத்துக் கொடுங்கள்.

பாஸ்வேர்டை ஹாஷாக (திரும்பப் படிக்க முடியாத வடிவமாக) வைத்திருப்பவர்களுக்கு இதைவிடக் கொடிய பொறி ஒன்று உண்டு. லினக்ஸ் பாணி ஹாஷ் $6$ என்று தொடங்கும். அந்த உரையை ஷெல் ஸ்கிரிப்டில் ஹியர்-டாகுமென்ட்டாக (ஸ்கிரிப்டுக்குள்ளேயே பொதிந்த பல வரி உரையாக) எழுதி, முடிவுச் சொல்லை மேற்கோளுக்குள் போடாமல் விட்டால், ஷெல் $6 என்பதை ஒரு மாறி என்று நினைத்து வெறுமையாக்கிவிடும். அதற்கு அடுத்து வரும் டாலர் குறியோடு சேர்ந்த சால்ட்டும் (ஹாஷில் கலக்கும் தற்செயல் எழுத்துகளும்) அப்படியே மறையும். கன்சோலில் பார்த்தால் யூசர் இருக்கும், ஹாஷ் போல ஒன்றும் இருக்கும். ஆனால் உலகத்தில் எந்தப் பாஸ்வேர்டும் அதற்குப் பொருந்தாது. ரூட்டரில் ஏறிய ஹாஷின் முதல் மூன்று எழுத்தைப் பாருங்கள். $6$ இல்லையென்றால் குற்றவாளி ஷெல்தான். டெர்ராஃபார்ம் டெம்ப்ளேட்டில் தனி டாலர் குறியால் தொந்தரவில்லை. டாலரை அடுத்து நெளி அடைப்புக்குறி வந்தால் மட்டும் டாலரை இரட்டிக்க வேண்டும்.

அறிகுறி: இன்டர்ஃபேஸ்கள் இடம் மாறியிருக்கின்றன

உள்பக்க ஐபி வெளிப்பக்க இன்டர்ஃபேஸில் உட்கார்ந்திருந்தால், முதலில் கிளவுட் காட்டும் மேக் முகவரியையும் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணையும்) ரூட்டர் காட்டும் மேக் முகவரியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பெயரை நம்பாதீர்கள், மேக்கை நம்புங்கள். வையோஸில் ஏற்கெனவே ஓடிய மெஷினிலிருந்து இமேஜ் எடுத்தால், பழைய மேக் முகவரிகள் கன்ஃபிகரேஷனில் 'ஹெச்டபிள்யூ-ஐடி' என்று தங்கிவிடும். புதிய மெஷினின் கார்டுகள் அதனால் ஈத்0, ஈத்1 என்று வராமல் ஈத்2, ஈத்3 என்று வரும். இமேஜ் எடுப்பதற்கு முன் அந்த வரிகளை நீக்குங்கள். அஸூரில் ஆக்சிலரேட்டட் நெட்வொர்க்கிங் இயங்கினால் ஒரே மேக்கோடு இரண்டு கார்டுகள் உள்ளே தெரியும். அது பிழையல்ல, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

அறிகுறி: ரூட்டருக்குள் நுழைய முடிகிறது, ஆனால் அதன் வழியாகப் போக்குவரத்து போகவில்லை

ரூட்டரில் தேடுவதற்கு முன் கிளவுட் பக்கம் ஒரு சுவிட்சைப் பாருங்கள். தனக்கு உரியதல்லாத ஐபிக்கான பாக்கெட்டை மெஷின் கடத்துவதை மூன்று கிளவுடுமே இயல்பாகத் தடுக்கின்றன. ஏடபிள்யூஎஸ்ஸில் மூல-இலக்குச் சோதனையை ஒவ்வொரு இன்டர்ஃபேஸிலும் அணைக்க வேண்டும், அஸூரில் ஒவ்வொரு கார்டிலும் ஐபி ஃபார்வர்டிங்கை இயக்க வேண்டும், கூகுளில் இன்ஸ்டன்ஸை உருவாக்கும்போதே ஃபார்வர்டிங்கை அனுமதித்துவிடுங்கள். எந்த முதல்-பூட் உரையும் இதைச் செய்துதராது.

கூகுள் கிளவுடில் இன்னொரு விசேஷம்: டிஹெச்சிபி /32 மாஸ்க்கோடுதான் ஐபி தரும். பக்கத்து மெஷின்கூட நேரடி நெட்வொர்க்கில் இல்லை, எல்லாம் கேட்வே வழியாகத்தான். கையால் /24 எழுதினால் ஏஆர்பி கேள்விக்கு (ஒரு ஐபிக்குரிய மேக்கைக் கேட்பதற்கு) பதில் வராமல் நிற்கும். அங்கே எம்டியூவும் (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவும்) இயல்பாக 1460 என்பதால், டன்னல் அமைக்கும்போது 1500 என்று கணக்குப் போட்டால் பிங் போகும், பெரிய ஃபைல் போகாது.

போக்குவரத்து போகிறது ஆனால் நத்தை வேகம் என்றால் லைசென்ஸைப் பாருங்கள். லைசென்ஸ் இல்லாத சிஎஸ்ஆர் 1000வி (சிஸ்கோவின் மெய்நிகர் ரூட்டர்) 100 கேபிபிஎஸ் மட்டும் தரும்.

அறிகுறி: உரையைத் திருத்தியும் பழையதே இருக்கிறது

முதல் பூட் என்பது ஒரே ஒரு முறைதான். கிளவுட்-இனிட் இன்ஸ்டன்ஸ் ஐடியை வைத்துத்தான் 'இது புது மெஷினா' என்று முடிவு செய்கிறது. ஏடபிள்யூஎஸ்ஸில் மெஷினை நிறுத்தி, யூசர் டேட்டாவை மாற்றி, மறுபடி கிளப்பினாலும் ஐடி அதேதான். எனவே மறுபடி ஓடாது. டெர்ராஃபார்ம் இயல்பாகச் செய்வதும் இந்த நிறுத்திக் கிளப்பும் வேலைதான். யூசர் டேட்டா மாறினால் மெஷினையே மாற்று என்ற அமைப்பைத் தனியாக இயக்க வேண்டும். அஸூரில் கஸ்டம் டேட்டாவைப் பிறகு மாற்றவே முடியாது.

ஓடிய மெஷினிலிருந்து எடுத்த இமேஜும் இதே அறிகுறியைத் தரும். ஐஓஎஸ் எக்ஸ்ஈயில் ஸ்டார்ட்அப் கன்ஃபிகரேஷன் ஏற்கெனவே இருந்தால் ஐஎஸ்ஓவிலுள்ள ஃபைலை அது சட்டை செய்யாது. கிளவுட்-இனிட் உள்ள இமேஜில், இமேஜ் எடுப்பதற்கு முன் 'கிளவுட்-இனிட் கிளீன்' ஓட்டி, எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் கீகளையும் அழியுங்கள். இல்லையென்றால் எல்லா ரூட்டரும் ஒரே கீயோடு எழும்.

அறிகுறி: அஸூர் 'புரொவிஷனிங் டைம்டு அவுட்' என்கிறது, ரூட்டரோ நன்றாக ஓடுகிறது

மெஷினுக்குள் இருக்கும் அஸூர் ஏஜென்ட், அஸூரின் 168.63.129.16 முகவரிக்கு 'நான் தயார்' என்று சொல்லவில்லை. 80, 32526 ஆகிய டிசிபி போர்ட்டுகளுக்கு வழி வேண்டும். பூட்ஸ்ட்ராப்பில் நீங்களே எழுதிய ஏசிஎல்லோ (பாக்கெட்டை வடிகட்டும் விதிகளோ), டிஃபால்ட் ரூட்டை வேறு வீஆர்எஃப்புக்கு நகர்த்திய வரியோ இதை அடைத்திருக்கும். அந்த வரிகளைப் பூட்ஸ்ட்ராப்பிலிருந்து எடுத்து, மெஷின் தயாரான பிறகு அனுப்புங்கள்.

பூட்ஸ்ட்ராப்பில் எவ்வளவு வைக்கலாம்

மேலே சொன்ன பிழைகளில் பாதி, முதல் உரையில் எல்லாவற்றையும் திணிப்பதால் வருபவை. ஹோஸ்ட்நேம், மேனேஜ்மென்ட் இன்டர்ஃபேஸ், ஒரு யூசர், அவருடைய பொதுக் கீ, எஸ்எஸ்ஹெச், தேவைப்பட்டால் 830-ஆம் போர்ட்டில் நெட்கான்ஃப் (கருவிகள் கன்ஃபிகரேஷனை அனுப்பும் நெறிமுறை), கடைசியில் அந்த லூப்பேக் அடையாளம். இவ்வளவு போதும். பிஜிபி (ரூட்டிங் நெறிமுறை), ஐபிசெக், ஏசிஎல் எல்லாம் ரூட்டர் எழுந்த பிறகு ஆன்சிபிள் போன்ற தானியங்கிக் கருவி வழியாகப் போகட்டும். அங்கே பிழை வந்தால் எந்த வரியில் என்று உடனே திரும்பச் சொல்லும்; மெஷினை அழிக்காமலே திருத்தலாம்.

ரகசியங்களை உரையில் வைக்காதீர்கள். யூசர் டேட்டாவை மெட்டாடேட்டா சேவையிலிருந்து மெஷினுக்குள் இருக்கும் யாரும் படிக்கலாம். ஏடபிள்யூஎஸ், கூகுள் கிளவுடில் கணக்கைப் பார்வையிடும் அனுமதி உள்ளவர்களும் படிக்கலாம். சோதனைக்காக வைத்த அந்தத் தற்காலிகப் பாஸ்வேர்டை, ஆன்சிபிள் ஓட்டத்தின் முதல் வேலையாகவே நீக்குங்கள்.